13.9 கிலோ எஃகு, 7.3 மணி நேரம்

1939-ல் அமெரிக்க அரசு ஒரு தாம்சன் சப்மெஷின் கன்னுக்குக் கொடுத்த விலை 209 டாலர். 1942-ன் முற்பகுதியில் அதே துப்பாக்கி 70 டாலர். 1944 பிப்ரவரியில், துணைக்கருவிகளும் உதிரிபாகங்களும் உட்பட, 45 டாலர். ஐந்து ஆண்டுகளில் விலை 78 சதவீதம் இறங்கியது. இதே காலத்தில் பிரிட்டன் ஏறத்தாழ இதே வேலையைச் செய்யும் துப்பாக்கியைச் சுமார் 10 டாலருக்குச் செய்தது. சோவியத் ஒன்றியம் 2.7 இயந்திர மணி நேரத்தில் செய்தது. ராணுவத் துப்பாக்கிகளின் வரலாற்றைப் பொதுவாக வடிவமைப்பாளர்களின் பெயர்களை வைத்துச் சொல்வது வழக்கம். சப்மெஷின் கன்னைப் பொறுத்தவரை அந்த வரலாற்றின் பெரும்பகுதி செலவுப் பேரேட்டிலேயே கிடைக்கிறது.

இந்த ஆயுதத்தை மலிவாக்க முடிந்ததற்குக் காரணம் தோட்டாவின் ஆற்றல். சப்மெஷின் கன் சுடுவது கைத்துப்பாக்கித் தோட்டாவை. 9 மி.மீ. குண்டின் எடை சுமார் 7.5 கிராம், வேகம் விநாடிக்குச் சுமார் 365 மீட்டர், ஆற்றல் ஏறத்தாழ 500 ஜூல். பிரிட்டிஷ் .303 ரைஃபிளின் குண்டு 11.3 கிராம், வேகம் விநாடிக்கு 744 மீட்டர், ஆற்றல் சுமார் 3,100 ஜூல். இரண்டுக்கும் ஆறு மடங்கு வித்தியாசம். 3,100 ஜூலைத் தாங்க ரைஃபிளின் போல்ட் உறுதியாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பூட்டைக் கெட்டியான எஃகுக் கட்டியிலிருந்து நுட்பமாகக் கடைந்தெடுக்க வேண்டும். 500 ஜூலுக்குக் கனமான போல்ட்டும் ஒரு சுருள்வில்லும் போதும், பூட்டு வேண்டாம். பூட்டு இல்லையென்றால் போல்ட் ஓடும் உடல் வெறும் குழாயாகவோ மடித்த தகடாகவோ இருக்கலாம்.

விட்டுக்கொடுத்தது தூரத்தை. ஸ்டென் துப்பாக்கியின் குறிநோக்கி 100 கெஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்கு, நிரந்தரமாக அமைக்கப்பட்டது. 1907-ன் லீ-என்ஃபீல்டு ரைஃபிளில் 2,000 கெஜம் வரை, அதாவது 1,829 மீட்டர் வரை, அளவுகோடுகள் இருந்தன. காகிதத்தில் இது இருபதில் ஒரு பங்கு. களத்தில் இழப்பு அவ்வளவு இல்லை. ரைஃபிள் சண்டைகளில் பெரும்பாலானவை 300 கெஜத்துக்குள் நடப்பதாக 1952-ல் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட ஆய்வு கணக்கிட்டது. மீதி 1,700 கெஜத்துக்கான அளவுகோடுகளைப் பெரும்பாலான சிப்பாய்கள் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

தாம்சனின் முதல் கணக்கு 15,000. ஆட்டோ-ஆர்டினன்ஸ் நிறுவனத்துக்காக கோல்ட் தொழிற்சாலை 1921-22-ல் செய்து கொடுத்த எண்ணிக்கை அது. அந்த இருப்பு ஏறக்குறைய அடுத்த உலகப்போர் வரை விற்றுத் தீரவில்லை. சுமார் 200 டாலர் என்ற விலை ஒரு காரணம். அன்று ஃபோர்டு மாடல் டி கார் 400 டாலர் அளவில் கிடைத்தது. துப்பாக்கியின் எடை 4.9 கிலோ. குழலைச் சுற்றிக் குளிர்ச்சித் தகடுகள், நுனியில் உதறலைக் குறைக்கும் கருவி, உள்ளே வெண்கலத்தாலான ஒரு பூட்டு என எல்லாமே கடைசல் வேலை. அந்த வெண்கலப் பூட்டைப் பின்னாளில் எடுத்துவிட்டபோதும் துப்பாக்கி முன்போலவே சுட்டது.

இரண்டாம் உலகப்போரில் செய்யப்பட்ட தாம்சன்கள் 13,87,134. இதில் பழைய வடிவமான எம்1928ஏ1 5,62,511. எளிமையாக்கிய எம்1 2,85,480. மேலும் எளிமையாக்கிய எம்1ஏ1 5,39,143. எம்1 வடிவம் ஏற்கப்பட்டது 1942 ஏப்ரலில். விலை 209-லிருந்து 70 டாலருக்கு வந்ததும் ஏறத்தாழ அதே சமயத்தில். ஆகவே மொத்த வீழ்ச்சியான 164 டாலரில் 139 டாலர், அதாவது 85 சதவீதம், புதிய வடிவம் பெருமளவில் வெளிவருவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. எஞ்சிய 25 டாலரைத்தான் எம்1, எம்1ஏ1 வடிவங்களின் கணக்கில் எழுதலாம். பழைய வடிவத்திலும் சிறுசிறு எளிமைகள் நடந்தன. 1939 விலையில் குறைந்த எண்ணிக்கைக்கே உரிய லாபமும் இருந்திருக்கும். இரண்டையும் கழித்துப் பார்த்தாலும் வடிவத்தைவிட எண்ணிக்கைதான் விலையை அதிகம் குறைத்தது என்றே தோன்றுகிறது. ஆனால் 45 டாலரோடு அந்த வழி அடைபட்டது. கடைசலை நம்பிய துப்பாக்கி அதற்குக் கீழே இறங்கவில்லை. 45 டாலருக்கு அமெரிக்கா எம்1 கார்பைன் என்ற இலகு ரைஃபிளையே செய்தது. 60 லட்சத்துக்கும் மேல் செய்தது.

பிரிட்டனின் நெருக்கடி வேறு. 1940 ஜூனில் டன்கர்க்கிலிருந்து படை திரும்பியபோது கனரகத் தளவாடங்கள் பிரான்சிலேயே கிடந்தன. கையில் சொந்த சப்மெஷின் கன் இல்லை. அமெரிக்காவின் கடன்-குத்தகைச் சட்டம் 1941 மார்ச்சில்தான் வந்தது. அதுவரை ஒவ்வொரு தாம்சனுக்கும் ரொக்க டாலர் எண்ணி வைக்க வேண்டும். 209 டாலர் வீதம் 1 லட்சம் தாம்சனுக்கு 2.09 கோடி டாலர். என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையில் ரெஜினால்ட் ஷெப்பர்டும் ஹெரால்ட் டர்ப்பினும் 1941 ஜனவரியில் முன்வைத்த வடிவத்தில் பாகங்கள் மிகக் குறைவாகவே இருந்தன. அதுவே ஸ்டென். விலை 2 முதல் 3 பவுண்டு. போர்க்கால மாற்று விகிதமான பவுண்டுக்கு 4.03 டாலர்படி 8 முதல் 12 டாலர். 1 லட்சம் ஸ்டென்னுக்குச் சுமார் 10 லட்சம் டாலர் மதிப்பு, அதுவும் உள்நாட்டுப் பணத்தில். ஒரு தாம்சனின் 1939 விலைக்கு ஏறத்தாழ 20 ஸ்டென்.

1914-ல் ஒரு லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் விலை 3 பவுண்டு 15 ஷில்லிங். 1942-ன் ஸ்டென், 28 ஆண்டு விலையேற்றத்தைக் கழிக்காமலே, அதைவிட மலிவு. இவ்வளவு மலிவு என்றால் செய்கிறவர்களும் மாறுகிறார்கள். மூன்றாம் வடிவ ஸ்டென்னைச் செய்தது லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பொம்மைத் தயாரிப்பு நிறுவனம். அந்த வடிவத்தின் எண்ணிக்கை 8.75 லட்சத்தை ஒட்டியது. தகரப் பொம்மைக்குத் தேவைப்படும் பிரஸ்ஸும் வெல்டிங்கும் இதற்கும் போதுமானதாக இருந்தன. முதல் வடிவம் 1 லட்சம், இரண்டாம் வடிவம் 20 லட்சத்துக்கு மேல், எல்லா வடிவங்களும் சேர்ந்து சுமார் 40 லட்சம். 1944-ல் வந்த ஐந்தாம் வடிவத்தில் மரக்கட்டையும் பயனெட் மாட்டும் இடமும் சேர்ந்தன. அவசரம் தணிந்ததும் செலவுக் கோடு மேல்நோக்கித் திரும்பியதற்கு இது ஓர் அடையாளம்.

ஒப்பீட்டில் ஓர் எச்சரிக்கை வேண்டும். டாலர், பவுண்டு, ரைஷ்மார்க் ஆகியவற்றுக்குப் போர்க்கால மாற்று விகிதங்கள் உண்டு, ஆனால் அவை அரசுகள் நிர்ணயித்தவை. ரூபிள் விலையும் அப்படியே. 'ஆள் மணி' என்பதும் 'இயந்திர மணி' என்பதும் ஒன்றல்ல. முன்னதில் பொருத்துவது, சோதிப்பது, பூச்சு பூசுவது எல்லாம் சேரக்கூடும். பின்னது இயந்திரம் உலோகத்தை வெட்டிய நேரம் மட்டும். ஆகவே கீழே வரும் கணக்குகளை அந்தந்த நாட்டுக்குள் ஒப்பிடலாம். நாடுகளுக்கிடையே திசையை மட்டும் ஒப்பிடலாம், அளவை அல்ல.

அந்த வரம்புக்குள் மிகத் தெளிவான கணக்கு சோவியத் கணக்கு. டெக்தியாரோவ் வடிவமைத்த பிபிடி, 1939-ல் உதிரிபாகங்களோடு சுமார் 900 ரூபிள். அதே ஆண்டில் ஒரு டிபி இலகு இயந்திரத் துப்பாக்கி சுமார் 1,150 ரூபிள். ரைஃபிள் தோட்டாவைச் சுடும் இயந்திரத் துப்பாக்கியின் விலையில் 78 சதவீதத்தைக் கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் கருவிக்குக் கொடுக்க ராணுவம் விரும்பவில்லை. 1934 முதல் 1939 வரை சில ஆயிரங்களே செய்தார்கள். 1939 பிப்ரவரியில் தயாரிப்பையே நிறுத்தினார்கள்.

நவம்பரில் பின்லாந்துப் போர் தொடங்கியது. பின்லாந்து ராணுவத்திடம் இருந்த சுவோமி சப்மெஷின் கன்கள் ஏறத்தாழ 4,000 மட்டுமே. காட்டுச் சண்டையில் அவை ஏற்படுத்திய விளைவுக்கு மறைமுக அளவுகோல் ஒன்று உண்டு. 1940-ல் மட்டும் சோவியத் ஆலைகள் 81,118 பிபிடிகளைச் செய்தன. ஆனால் ஒவ்வொன்றும் 95 பாகங்கள், 13.7 இயந்திர மணி. அந்த வேகத்தில் ஒரு பெரும்போருக்கு வேண்டிய எண்ணிக்கையை எட்ட முடியாது.

ஷ்பாகின் வடிவமைத்த பிபிஷ்-41, 1940 டிசம்பர் 21-ல் ஏற்கப்பட்டது. 87 பாகங்கள். பாகங்களின் எண்ணிக்கை 8 மட்டும்தான் குறைந்தது. உடலும் குழலின் உறையும் பிரஸ்ஸில் அடித்த தகடாக மாறியதில்தான் மிச்சம் இருந்தது. முதல் மதிப்பீடு 5.6 இயந்திர மணி. பின்னர் அதை 7.3 என்று திருத்தினார்கள். 30 சதவீதம் கூடுதல். அரசாங்க மதிப்பீடுகள் எந்த நாட்டிலும் இப்படித்தான் போலும். திருத்திய கணக்கும் பிபிடியைவிட 47 சதவீதம் குறைவு. 1942-ல் சுமார் 15 லட்சம், போர் முழுவதும் 50 முதல் 60 லட்சம் பிபிஷ்கள் வெளிவந்தன. ஜெர்மனி 1940 முதல் 1944 வரை செய்த எம்பி40 சுமார் 11 லட்சம். ஒன்றுக்கு ஐந்து.

இனி தலைப்பில் உள்ள எண்கள். ஒரு பிபிஷுக்குத் தேவைப்பட்ட கச்சா எஃகு 13.9 கிலோ. மேகசின் இல்லாமல் துப்பாக்கியின் எடை 3.63 கிலோ, அதிலும் ஒரு பகுதி மரக்கட்டை. அதாவது வாங்கிய எஃகில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவுதான் துப்பாக்கியானது. மீதி 10 கிலோவுக்கு மேல் சீவலாகவும் வெட்டுத் துண்டாகவும் பட்டறைத் தரையில் விழுந்தது. லெனின்கிராடு முற்றுகையின்போது அலெக்ஸி சுதாயேவ் உருவாக்கிய பிபிஎஸ்-43-க்குத் தேவைப்பட்டது 6.2 கிலோ எஃகு. துப்பாக்கியின் எடை 3.04 கிலோ. பாதி எஃகு துப்பாக்கியில் நின்றது. இயந்திர நேரம் 7.3 மணியிலிருந்து 2.7 மணியாக, 63 சதவீதம் குறைந்தது. பிபிடியின் 13.7-லிருந்து எண்ணினால் 80 சதவீதம்.

ஒரு துப்பாக்கிக்கு மிச்சம் 7.7 கிலோ எஃகு, 4.6 இயந்திர மணி. ஆண்டுக்கு 15 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 11,550 டன் எஃகு, 69 லட்சம் இயந்திர மணி. ஓர் இயந்திரம் நாளுக்கு 20 மணி நேரம் வீதம் 300 நாள் ஓடினால் 6,000 மணி. எனவே 69 லட்சம் மணி என்பது ஆண்டு முழுவதும் விடாமல் ஓடும் 1,150 இயந்திரங்கள். ஆலைகளைப் பிரித்து யூரல் மலைக்கு அப்பால் ரயிலேற்றிய நாட்டுக்கு எஃகைவிட இந்த 1,150 தான் பெரிய எண்ணாக இருந்திருக்க வேண்டும்.

மாத உற்பத்தியை 1,35,000-லிருந்து 3,50,000-க்கு உயர்த்தலாம் என்று பிபிஎஸ்ஸுக்கு மதிப்பீடு செய்தார்கள். 2.6 மடங்கு. அப்படியும் பிபிஷ் நிறுத்தப்படவில்லை. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் தரும் அச்சுகளும் இயந்திரங்களும் ஏற்கெனவே பிபிஷுக்காக நிறுவப்பட்டிருந்தன. அவற்றைக் கழற்றி மாற்றும் மாதங்களில் உற்பத்தி படுத்துவிடும். எனவே இரண்டும் அருகருகே செய்யப்பட்டன. லெனின்கிராடில் மட்டும் 1943-ல் 46,572 பிபிஎஸ்கள் செய்யப்பட்டன. பிபிஎஸ்ஸின் மொத்த எண்ணிக்கை 5 லட்சம் என்றும் 20 லட்சம் என்றும் இரு வேறு கணக்குகள் உள்ளன. எதை எடுத்தாலும், சிறந்த வடிவம் குறைவாகவும் அதற்கு அடுத்த வடிவம் அதிகமாகவும் செய்யப்பட்டன.

பின்லாந்தின் கணக்கு சிறியது, ஆனால் பொருள் பொதிந்தது. 4.6 கிலோ எடையுள்ள சுவோமி, கடைசல் வேலையின் உச்சம். மொத்தம் சுமார் 80,000 செய்யப்பட்டன. 1944-ல் அந்த நாடு செய்யத் தொடங்கிய கேபி எம்/44, கைப்பற்றிய பிபிஎஸ்-43-ன் 9 மி.மீ. நகல். 10,000 செய்தார்கள். 1940-ல் சோவியத் ஒன்றியத்தைப் பதற்றத்தோடு உற்பத்திக்குத் தள்ளிய நாடு, நான்காண்டுகளில் சோவியத் வடிவத்தைப் பிரதியெடுத்தது.

அமெரிக்காவின் பதில் எம்3. கார் முகப்பு விளக்குகளைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸின் கைடு லேம்ப் ஆலை, 1943 முதல் 1945 வரை 6,06,694 துப்பாக்கிகளைத் தலா சுமார் 20 டாலருக்குச் செய்தது. எடை 3.7 கிலோ, தாம்சனைவிட 1.2 கிலோ குறைவு. 45 டாலர் தாம்சனோடு ஒப்பிட்டால் ஒன்றுக்கு 25 டாலர் மிச்சம், மொத்தம் 1.52 கோடி டாலர். பெரிய தொகை போலத் தெரிகிறது. ஒரு பி-29 குண்டுவீச்சு விமானத்தின் விலை சுமார் 6.39 லட்சம் டாலர். மூன்று ஆண்டு மிச்சத்தில் 24 விமானங்கள்கூட வராது. அமெரிக்காவின் போர்ச் செலவில் இந்தத் தொகை கண்ணில் படாது. டாலர் மிச்சத்துக்காக மட்டும் எம்3 செய்யப்பட்டது என்ற விளக்கம் இந்த எண்ணோடு பொருந்தவில்லை. விமான இயந்திரங்களுக்கும் பீரங்கிகளுக்கும் தேவைப்பட்ட கடைசல் இயந்திரங்களை விடுவித்தது என்பது பொருந்துகிறது.

எம்3-க்கு முதலில் உதிரிபாகமே வழங்கும் எண்ணம் இல்லை. பழுதானால் எறிந்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். 1944-ல் புதிய துப்பாக்கிகள் போதிய வேகத்தில் வராததால், ராணுவப் பணிமனைகளே ஸ்பிரிங் முதலான பாகங்களைச் செய்து பழையவற்றை ஓட்ட வேண்டியிருந்தது. 20 டாலர் என்ற விலையில் அந்தப் பணிமனை நேரம் சேர்க்கப்படவில்லை.

மிச்சம் பிடித்ததில் உண்மையான நஷ்டம் மேகசினில். தாம்சனின் மேகசினில் தோட்டாக்கள் இரண்டு வரிசையாக நின்று, இடமும் வலமுமாக மாறி மாறி மேலேறும். எம்பி40, ஸ்டென், எம்3 மூன்றிலும் இரண்டு வரிசை உச்சியில் ஒற்றை வரிசையாகக் குறுகும். உடலை எளிதாகச் செய்ய இது உதவியது. குறுகும் அந்த இடத்தில் மண்ணோ நசுங்கலோ இருந்தால் தோட்டா சிக்கும். ஸ்டென்னின் மேகசின் 32 தோட்டாக்களுக்கானது. அனுபவப்பட்ட சிப்பாய்கள் 30, சில சமயம் 28 மட்டுமே நிரப்பினர். 28 என்றால் 12.5 சதவீதக் கொள்ளளவு வீண். எட்டு மேகசின் சுமப்பவர் ஒன்றை வெறுமையாகச் சுமப்பதற்குச் சமம். சிக்கிய துப்பாக்கிக்குக் கொடுத்த விலையைச் சதவீதத்தில் எழுத முடியாது. கீழே விழுந்தால் தானாக வெடிக்கும் பழக்கமும் ஸ்டென்னுக்கு இருந்தது.

ஆஸ்திரேலியா இதில் விலக்கு. ஸ்டென்னைத் தழுவிய ஆஸ்டென் அங்கே சுமார் 20,000 செய்யப்பட்டது. எவலின் ஓவன் என்ற இளைஞர் வடிவமைத்த ஓவன் சுமார் 45,000. எடை 4.2 கிலோ, ஸ்டென்னைவிட 1 கிலோ கூடுதல். நியூகினியின் சேற்றில் ஓவன் ஓடியது; சிப்பாய்கள் அதையே கேட்டு வாங்கினர். எண்ணிக்கை சிறியதாக இருந்தால் தரத்துக்கு இடம் கிடைக்கிறது என்று இதைப் படிக்கலாம், உறுதியாகச் சொல்ல ஒரு நாட்டின் உதாரணம் போதாது.

ஸ்டென்னின் மேகசின் கணக்கு பிரிட்டனில் 1953-ல் நேரானது. அந்த ஆண்டு ஏற்கப்பட்ட ஸ்டெர்லிங்கில் 34 தோட்டா மேகசின், உச்சிவரை இரட்டை வரிசை, உள்ளே தோட்டாக்களைத் தள்ளும் தகட்டில் உருளைகள். எடை 2.7 கிலோ. இந்தியாவில் கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை செய்த 9 மி.மீ. கார்பைன் இதன் வழிவந்தது. நம் காவல்துறையினரின் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கியது அதுதான்.

இதே கணக்கை ஜெர்மனி இயந்திரத் துப்பாக்கியில் போட்டது. எம்ஜி34: 327 ரைஷ்மார்க், 150 ஆள் மணி. எம்ஜி42: 250 ரைஷ்மார்க், 75 ஆள் மணி. விலை 24 சதவீதம்தான் குறைந்தது, நேரம் பாதியானது. உருவாக்கிய குரோஸ்ஃபுஸ் நிறுவனம் அதற்கு முன் விளக்குகள் செய்துவந்தது. 4 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. ஒன்றுக்கு 75 மணி வீதம் 3 கோடி ஆள் மணி மிச்சம். வாரம் 60 மணி, ஆண்டுக்கு 50 வாரம் என்று கணக்கிட்டால் 10,000 தொழிலாளர்களின் ஓராண்டு உழைப்பு.

ஆனால் எம்ஜி42 நிமிடத்துக்கு 1,200 தோட்டாக்களைச் சுட்டது. எம்ஜி34 800 முதல் 900 வரை. 1,200 என்றால் விநாடிக்கு 20. ஒரு 7.92 மி.மீ. ரைஃபிள் தோட்டாவின் எடை சுமார் 27 கிராம். விநாடிக்கு 540 கிராம். 50 தோட்டாப் பட்டை இரண்டரை விநாடியில் காலி. விசையை ஒரு நிமிடம் விடாமல் அழுத்த முடிந்தால் 32 கிலோ உலோகமும் மருந்தும் தீரும். நடைமுறையில் 150 தோட்டாக்கள் தொடர்ந்து போனாலே குழலை மாற்ற வேண்டும். துப்பாக்கிச் செலவில் மிச்சம் பிடித்தது தோட்டாச் செலவில் எவ்வளவு திரும்பிப் போனது என்பதற்கு நேரடிக் கணக்கு இல்லை. திசை மட்டும் ஐயத்துக்கு இடமற்றது.

தோட்டாச் செலவின் அளவை அமெரிக்க எண்கள் காட்டுகின்றன. இண்டியானாவின் எவான்ஸ்வில் நகரில் கிறைஸ்லர் நடத்திய ஆலை, .45 தோட்டாக்களை 326 கோடி செய்தது. அந்த அளவுத் தோட்டாக்களில் நாட்டின் உற்பத்தியில் 96 சதவீதம். பித்தளைத் தட்டுப்பாட்டால் பெரும்பகுதிக்கு எஃகு உறை. போர்க்காலத் தாம்சன்களும் எம்3-களும் சேர்ந்து 19,93,828. வகுத்தால் ஒரு துப்பாக்கிக்கு ஏறத்தாழ 1,640 தோட்டாக்கள். கைத்துப்பாக்கிகளும் இதே தோட்டாவைத்தான் தின்றன, பயிற்சித் திடலிலும் நிறையப் போனது. ஆகவே இதை மேல் வரம்பாக எடுத்துக்கொள்ளலாம்.

எடையில் பார்த்தால் படம் கூர்மையாகிறது. .45 தோட்டா சுமார் 21 கிராம். 326 கோடி தோட்டாக்கள் 68,500 டன். அவற்றைச் சுட்ட சுமார் 20 லட்சம் துப்பாக்கிகளின் மொத்த எடை, எம்1928ஏ1-க்கு 4.9 கிலோ, எம்1, எம்1ஏ1 இரண்டுக்கும் 4.5 கிலோ, எம்3-க்கு 3.7 கிலோ என்று வைத்தால் ஏறத்தாழ 8,700 டன். தோட்டா, துப்பாக்கியைப் போல் எட்டு மடங்கு. தாம்சனிலிருந்து எம்3-க்கு மாறியதில் ஒரு சிப்பாய்க்குக் குறைந்த 1.2 கிலோ, 57 தோட்டாக்களின் எடை. இரண்டு மேகசின்கள்கூட முழுதாக இல்லை.

போருக்குப் பிறகு வடிவமைப்பாளர்களின் கவனம் தோட்டாவை நோக்கித் திரும்பியதை இந்த விகிதம் ஓரளவு விளக்குகிறது. ஜெர்மனி ஏற்கெனவே தொடங்கிவிட்டது. சுமார் 4.25 லட்சம் செய்யப்பட்ட எஸ்டிஜி44 ரைஃபிளின் குறுந்தோட்டா 17 கிராம். பழைய ரைஃபிள் தோட்டாவைவிட 37 சதவீதம் குறைவு. சோவியத்தின் 7.62×39 மி.மீ. தோட்டா 16.3 கிராம், ஆற்றல் ஏறத்தாழ 2,000 ஜூல். பிபிஷின் தோட்டா 700 ஜூலை ஒட்டியது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆற்றல் என்பதால் போல்ட்டுக்கு மறுபடியும் பூட்டு தேவைப்பட்டது. 1949-ல் ஏற்கப்பட்ட, அந்தத் தோட்டாவைச் சுடும் கலாஷ்னிகோவ் ரைஃபிளை முதலில் தகட்டு உடலோடுதான் செய்யப் பார்த்தார்கள். கழிவு அதிகம் என்பதால் 1951-ல் கட்டி எஃகைக் கடையும் முறைக்குத் திரும்பினார்கள். 1 மி.மீ. தகட்டால் ஆன உடலோடு அதன் ஏகேஎம் வடிவம் வந்தது 1959-ல். லட்சக்கணக்கில் பிபிஷ்களை அச்சடித்த தொழில்துறைக்கு ரைஃபிள் உடலை அச்சடிக்கப் பத்து ஆண்டு ஆயிற்று. இன்று கலாஷ்னிகோவ் குடும்பத் துப்பாக்கிகள் உலகில் 10 கோடி என்பது பரவலான மதிப்பீடு.

5.56 மி.மீ. தோட்டா 12 கிராம் அளவு. இஷாப்பூர், கான்பூர், திருச்சி ஆலைகளில் செய்யப்பட்ட இந்தியாவின் இன்சாஸ் அதைச் சுடுவது. 100 தோட்டாக்களுக்கு 1.2 கிலோ. அதற்கு முன் ராணுவம் பயன்படுத்திய 7.62×51 மி.மீ. தோட்டா 24 கிராம், 100-க்கு 2.4 கிலோ. எடை பாதியானதை இந்தியக் காலாட்படை முழு லாபமாகக் கருதவில்லை. 2019-ல் 72,400 சிக் 716 ரைஃபிள்கள் சுமார் 700 கோடி ரூபாய்க்கு வாங்கப்பட்டன. ஒன்று சுமார் 97,000 ரூபாய். அவை சுடுவது பழைய 24 கிராம் தோட்டாவை. 2024-ல் மேலும் 73,000, 837 கோடி ரூபாய்க்கு. ஒன்று சுமார் 1,15,000 ரூபாய், ஐந்தாண்டில் 19 சதவீத உயர்வு. 2021 டிசம்பரில் கையெழுத்தான ஏகே-203 ஒப்பந்தம் 6,01,427 ரைஃபிள்களுக்கு 5,000 கோடி ரூபாய்க்கு மேல். ஒன்று 83,000 ரூபாய்க்குக் குறையாது. அதன் தோட்டா 16.3 கிராம், 100-க்கு 1.63 கிலோ. இன்சாஸைவிட 430 கிராம் அதிகம், சிக் 716-ஐவிட 770 கிராம் குறைவு.